பல் கழற்றிய வாயைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை இருக்கிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள். ஞானப்பல் முளைக்கிற வயது அதுதான். ஏ.எல் வகுப்பிலும், கெம்பஸிலும், கல்விக் கல்லூரியிலும் இருக்கிற பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் குந்தியிருப்பதை ஆசிரியர்களான நாங்கள் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். பல் கழற்றப் போகும்வரை எல்லாருக்கும் பயம். கழற்றி முடிந்ததும் "அல்ஹம்துலில்லாஹ், வேலை முடிஞ்சுது" என்று எல்லாரும் மூச்சு விடுகிறார்கள். உண்மையில் டொக்டரின் வேலைதான் முடிந்திருக்கிறது. வீட்டாரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது, அந்த வேலையை எமது வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

எமது ஊரில் நடந்த ஒன்று. பெயர் வேண்டாம். கீழ்த்தாடையில் சரிந்து முளைத்த ஞானப்பல்லைக் கழற்றிவிட்டு ஒரு மாணவன் பின்னேரம் வீட்டுக்கு வருகிறான். மஃரிபுக்குப் பிறகு எச்சிலில் இரத்தம். உம்மா ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்து "துப்பு மகன்" என்கிறார். துப்புகிறான். வாயில் இரத்த வாடை என்று தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்கிறான். திரும்ப இரத்தம். மாமி வந்து "உப்புத் தண்ணி போட்டுக் கொப்பளி, புண் ஆறும்" என்கிறார். திரும்ப இரத்தம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் டோர்ச் அடித்து வாய்க்குள் பார்க்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், அங்கிருந்த டொக்டர் செய்தது ஒரே ஒரு வேலை: புதுக் கோஸ் துணியை மடித்துப் புண்ணின் மேல் வைத்து, "அரை மணித்தியாலம் வாய் திறக்காமல் கடி" என்று சொன்னார். இரத்தம் நின்றுவிட்டது.

அந்த வீட்டில் யாரும் கவனக்குறைவாக இருக்கவில்லை. அளவுக்கு மிஞ்சிக் கவனித்தார்கள். இரத்தத்தை நிற்கவிடாமல் செய்தது அந்தக் கவனிப்புத்தான்.

பல் இருந்த இடத்தில் எலும்புக்குள் ஒரு குழி மிஞ்சுகிறது. அந்தக் குழிக்குள் இரத்தம் நிறைந்து, கொஞ்ச நேரத்தில் உறைந்து, ஜெலி மாதிரி ஒரு கட்டியாக நிற்கும். அது பார்க்க அசிங்கமாக, கருஞ்சிவப்பாக இருக்கும். ஆனால் அதுதான் புண்ணின் மூடி. இரத்தத்தை நிறுத்துவதும் அது, உள்ளே இருக்கிற எலும்பையும் நரம்பு நுனிகளையும் காற்றும் சாப்பாடும் படாமல் காப்பதும் அது, புதுச் சதை வளர்வதும் அதன் மேல்தான். துப்பினால் வாய்க்குள் ஓர் இழுவை உண்டாகிறது. ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சினாலும் அதே இழுவைதான். வேகமாகக் கொப்பளித்தால் தண்ணீரே அந்தக் கட்டியை அடித்துக்கொண்டு போகும். கட்டி பெயர்ந்தால் இரத்தம் முதலிலிருந்து தொடங்கும். நாம் இன்னும் கொஞ்சம் கழுவுவோம், அது இன்னும் கொஞ்சம் வரும்.

எச்சிலோடு இரத்தம் கலந்தால் ஒரு துளி பத்துத் துளியாகத் தெரியும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டுச் சிவப்பு மை விட்டுப் பார்த்தால் விளங்கும். முதல் 24 மணித்தியாலத்தில் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பதும், காலையில் தலையணையில் கறை இருப்பதும் சாதாரணம். பழைய துவாய் ஒன்றைத் தலையணையில் விரித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். உம்மாமாரின் பாதிப் பயம் அதோடு போய்விடும்.

இதில் எங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை, ஆகவே நாங்கள் பேசுகிறோம். இரத்தம் நஜீஸ் என்று சின்ன வயதிலிருந்து படித்து வளர்ந்தவர்கள் நாம். வாயில் இரத்தத்தை வைத்துக்கொண்டு தொழுவதெப்படி என்ற பதற்றத்தில் ஒவ்வொரு வக்துக்கும் வாயை நன்றாக அலசி அலசிக் கழுவுகிறோம். வுழூ செய்யும்போது வழக்கம் போல மூன்று தரம் கொப்பளிக்கிறோம். பல் கழற்றிய அன்று அஸர், மஃரிப், இஷா, அடுத்த நாள் ஸுபஹ், ளுஹர் என்று கணக்குப் பார்த்தால், டொக்டர் "24 மணித்தியாலம் கொப்பளிக்க வேண்டாம்" என்று சொன்ன அதே நேரத்துக்குள் 15 தரம் கொப்பளித்து முடித்துவிடுகிறோம்.

நாம் பின்பற்றுகிற ஷாஃபிஈ மத்ஹபில் வுழூவின்போது வாய் கொப்பளிப்பது ஸுன்னத். பர்ளு அல்ல. மத்ரஸாவில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற வுழூவின் பர்ளுகள் ஆறிலும் அது இல்லை. குனிந்து ஸுஜூது செய்ய முடியாத நோயாளி எப்படித் தொழுவது என்பதற்கும் மார்க்கத்தில் வழி இருக்கிறது. தலை தாழும்போது புண் பக்கம் அழுத்தம் கூடி இரத்தம் திரும்பக் கசியலாம் என்பதால்தான் டொக்டர்மார் முதல் நாளில் குனிய வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம் என்கிறார்கள். வாயில் கசிகிற இரத்தத்தின் சட்டம் என்ன, எந்தளவு மன்னிக்கப்படும் என்பதையெல்லாம் மௌலவிமார்தான் சொல்ல வேண்டும். அது எங்கள் வேலையில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைச் சொல்லுங்கள். டொக்டர் சொல்வதை விட நீங்கள் சொன்னால் உம்மும்மாமார் கேட்பார்கள். அவசரமில்லாத பல் என்றால் நோன்பு மாதத்துக்கு முன்னரோ பின்னரோ வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். பகலில் மாத்திரையும் போட முடியாமல், தண்ணீரும் குடிக்க முடியாமல் பிள்ளை படுகிற பாடு தேவையில்லாதது.

சரி, இரத்தம் வந்தால் என்னதான் செய்வது? அழுத்த வேண்டும். கை வெட்டினால் எல்லாரும் அழுத்துகிறோமே, அதேதான். ஆஸ்பத்திரியில் வைத்து அனுப்பிய கோஸ் துணியை 30 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை உறுதியாகக் கடித்திருக்க வேண்டும். இடையில் கதைக்கக் கூடாது, எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்த பிறகும் கசிவு நிற்காவிட்டால் சுத்தமான கோஸைக் கொஞ்சம் நனைத்துப் பிழிந்து, கெட்டியாக மடித்து, சரியாகப் புண்ணின் மேல் வைத்துத் திரும்பவும் 30 நிமிடம் கடிக்க வேண்டும். காய்ந்த கோஸ் என்றால் எடுக்கும்போது உறைந்த இரத்தமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதனால்தான் நனைப்பது. பஞ்சு வேண்டாம், நார் நாராகப் புண்ணுக்குள் நின்றுவிடும். கன்னத்துப் பக்கம் சும்மா கோஸை அடைத்து வைப்பதில் பிரயோசனம் இல்லை. கடிக்கும்போது அழுத்தம் குழியின் மேல் விழ வேண்டும். படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து 30 நிமிடம் எண்ணுங்கள். இந்த மாதிரி நேரத்தில் பத்து நிமிடம் ஒரு மணித்தியாலம் மாதிரித் தெரியும்.

கோஸ் இல்லாத வீட்டில் தேயிலைப் பை இருக்கும். கறுப்புத் தேயிலைப் பை ஒன்றைச் சுடுதண்ணீரில் நனைத்து, நன்றாக ஆறவைத்து, பிழிந்து அதைக் கடிக்கலாம். தேயிலையில் இருக்கிற டானின் என்கிற துவர்ப்புப் பொருள் இரத்தம் உறைய உதவுகிறது. வெளிநாட்டுப் பல் வைத்தியர்களும் சொல்கிற கைமருந்து இது. 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட காலத்திலிருந்து உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்புகிற நாடு, இந்தக் கைமருந்து மட்டும் எமது குசினிகளுக்கு வந்து சேரவில்லை. ஒன்று கவனம்: பிளேன்டீ குடிக்கச் சொல்லவில்லை. முதல் நாள் சுடச்சுட எதுவும் கூடாது. சூடு இரத்தக் குழாய்களை விரித்துவிடும். அதோடு விறைப்பூசி போட்ட வாய்க்குச் சூடும் தெரியாது, உதட்டைக் கடித்தாலும் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டிய நேரமும் உண்டு. இரண்டு தரம் ஒழுங்காக 30 நிமிடம் கடித்த பிறகும் வாய் நிறைய சிவப்பு இரத்தம் ஊறினால் காத்திருக்க வேண்டாம். அங்கே தையல் போடலாம், டிரனெக்ஸாமிக் அமிலம் நனைத்த கோஸ் வைக்கலாம், அவர்களிடம் வழி இருக்கிறது. இதனால்தான் முடிந்தவரை காலையில் பல் கழற்றுங்கள் என்கிறோம். இரத்தம் கசிந்தால் அன்றே பகலில் அதே டொக்டரிடம் திரும்பிப் போகலாம்.

இனி வீக்கம். வீக்கத்தைப் பற்றி எமது வீடுகளில் இருக்கிற பெரிய தவறான எண்ணம், அது பல் கழற்றிய அன்றே வந்து, அடுத்த நாள் குறைய வேண்டும் என்பது. அப்படி இல்லை. கீழ் ஞானப்பல்லைச் சதையை வெட்டி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து எடுத்திருந்தால் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்துக்குப் போகும். பிறகு மெதுவாக வற்றி, ஒரு வாரமளவில் அடங்கும். வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இருப்பதும், கன்னத்தில் நீலம், பிறகு மஞ்சள் பூப்பதும் இதோடு சேர்ந்தவைதான். இதைத் தெரியாதவர்கள் இரண்டாம் நாள் முகத்தைப் பார்த்து "டொக்டர் பிழையாக் கழட்டிப்போட்டார்" என்று முடிவு கட்டி, ஊர் முழுக்கச் சொல்லி, தெரிந்த பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அன்டிபயோட்டிக் கிருமியைக் கொல்லும், வெட்டுக்காயத்து வீக்கத்தை வற்றச் செய்யாது. டொக்டர் எழுதித் தந்திருந்தால் சொன்ன நாள்வரை போடுங்கள். எழுதித் தராவிட்டால் வாங்காதீர்கள்.

முதல் நாள் குளிர். ஐஸ் கட்டியைத் துவாயில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் 15, 20 நிமிடம் வைத்து, அதேயளவு நேரம் எடுத்துவிட்டு, திரும்ப வைக்க வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் இப்படி. ஐஸை நேரே தோலில் வைத்தால் தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு அடுத்த வீட்டார் ஒரு பொலித்தீன் பையில் ஐஸ் கொடுத்தனுப்பலாமே. நோய் விசாரிக்க வரும்போது கொண்டுவரும் பிஸ்கட் பக்கெட்டை விட இது பெரிய உதவி. இரண்டு நாள் கழிந்த பிறகு சூடு நல்லது, இளஞ்சூட்டு ஒத்தடம் வைக்கலாம். எங்கள் மூத்தம்மாமார் முதல் நாளே எண்ணெய் பூசித் தேய்த்து, சுடுதவிட்டு ஒத்தடம் கொடுக்கிறார்களே, அது மருந்தில் பிழையில்லை, நாளில் பிழை. இரவில் இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் காலையில் முகம் அவ்வளவு பருத்திருக்காது.

நோய் விசாரிப்பு என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறோம். நோயாளியைப் பார்க்கப் போவது ஸுன்னத்தான காரியம், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பல் கழற்றியவன் பதில் சொல்ல வாய் திறக்க வேண்டும். ஸலாம் சொல்லி, "எப்படி, வலிக்குதா, எந்தப் பக்கம், காட்டு பார்ப்போம்" என்று ஏழு பேர் வந்தால் அவன் ஏழு தரம் கதை சொல்லி ஏழு தரம் வாயைப் பிளக்கிறான். இரண்டு நாள் கழித்துப் போங்கள். போகும்போது வட்டிலாப்பம் கொண்டுபோங்கள், மெதுவாக, குளிராக, கடிக்கத் தேவையில்லாமல் இறங்கும். மேலே கஜு தூவாமல். தயிர், ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இடியப்பம், மசித்த வாழைப்பழம், கரண்டியால் ஐஸ்கிறீம் என்று நாலைந்து நாள் ஓட்டலாம். முறுக்கும் கச்சானும் கொத்தும் எங்கேயும் ஓடிப்போகாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டாருக்குத் தெரியாமல் சிகரட் பிடிக்கிறவர்கள் டொக்டரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். புகையை இழுக்கும்போது உண்டாகும் இழுவையும், புகையில் இருக்கிற நஞ்சும் இரண்டும் சேர்ந்து உறைந்த இரத்தத்தைக் கெடுக்கின்றன. குறைந்தது மூன்று நாளாவது தொடாதீர்கள். வெற்றிலை போடுகிற வாப்பாமாருக்கும் அதுவேதான். பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் திறந்த புண்ணுக்குள் போவதை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பல் கழற்றியதைச் சாட்டாக வைத்து அப்படியே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

கட்டி கழன்றுபோய் எலும்பு வெளியே தெரிகிற நிலையைப் பல் வைத்தியர்கள் 'டிரை சொக்கட்' என்பார்கள். சாதாரணமாகக் கழற்றிய பற்களில் நூற்றுக்கு 2 முதல் 5 வரையில் இது வரும். கீழ் ஞானப்பல்லுக்கு அதைவிட அதிகம். அடையாளம் என்னவென்றால், குறைந்துகொண்டு வந்த வலி மூன்றாம் நாளளவில் திடீரென்று கூடி, காதுப்பக்கம் வரை குத்தும். வாய் நாறும். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கிற பெண்களுக்கு இதற்கான வாய்ப்புக் கொஞ்சம் கூட. டொக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறார்கள், சொல்ல வேண்டும். இது வந்தால் வீட்டில் கராம்பு எண்ணெயை ஊற்றிச் சமாளிக்காமல் திரும்பிப் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தால் அன்றே வலி வெகுவாகக் குறையும். மற்றபடி 24 மணித்தியாலம் கழிந்த பிறகு உப்புத் தண்ணீர் நல்ல மருந்துதான். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, வாயில் வைத்துத் தலையை மட்டும் சரித்து, துப்பாமல் தானாக வழியவிட வேண்டும். அந்த மாமி சொன்ன மருந்து சரி. ஒரு நாள் முந்திச் சொல்லிவிட்டார்.

மருந்து விஷயத்தில் மூன்று ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அஸ்பிரினை வலி மாத்திரையாகப் போடக் கூடாது, வலிக்கிற முரசில் வைத்து அமத்தவும் கூடாது. அது இரத்தம் உறையவிடாது, முரசையும் சுட்டுவிடும். ஆனால் இருதய வருத்தத்துக்காக அஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்பரின் எடுக்கிறவர்கள் பல் கழற்றுவதற்காகத் தாங்களாகவே அதை நிறுத்துவது இதைவிடப் பெரிய ஆபத்து. பல்லில் வருகிற இரத்தத்தை அழுத்தி நிறுத்தலாம், இருதயத்திலோ மூளையிலோ அடைப்பு வந்தால் அப்படி நிறுத்த முடியாது. கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுபோய்ப் பல் டொக்டரிடம் காட்டுங்கள். வார்பரின் என்றால் ஐ.என்.ஆர் பரிசோதனை பார்த்துவிட்டு அவர் முடிவு செய்வார். சீனி வருத்தம், பிரஷர், முன்னர் எங்காவது வெட்டியபோது இரத்தம் நிற்காமல் போன கதை, எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்னர் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, டெங்கு. வீக்கத்துக்கும் வலிக்கும் ஐபுபுரூபன் அல்லது டைக்லோபினாக் எழுதித் தருவார்கள். நல்ல மருந்துதான், சாப்பிட்ட பிறகு போட வேண்டும், வயிற்றுப் புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆனால் எமது ஊர்களில் மழைக் காலம் என்றால் டெங்குக் காலம். பல் கழற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால் "பல்லால வந்த காய்ச்சல்" என்று நினைத்து அதே மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள். டெங்குவில் இந்த வகை மாத்திரைகள் இரத்தப்போக்கை உண்டாக்கும். காய்ச்சல் என்றால் அவற்றை நிறுத்தி, பனடோல் மட்டும், டொக்டரிடம் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள். பனடோலும் ஒரு நாளைக்கு வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடவே கூடாது.

மூன்றாவதுதான் மிகவும் பயங்கரமானது. மூன்று நாளைக்குப் பிறகு வற்ற வேண்டிய வீக்கம் கூடிக்கொண்டு போய், தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம் கல்லு மாதிரி இறுகினால், நாக்கு மேலே தள்ளப்பட்டால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால் காலை வரை பார்க்க வேண்டாம். கிருமி கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை அடைக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். 1990 இலக்கத்துக்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அந்த நேரத்தில் கார் யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

இவ்வளவையும் பல் டொக்டர் சொல்லியனுப்பவில்லையா என்று கேட்பீர்கள். சொல்கிறார். வாயில் கோஸோடு, தலை சுற்றிக்கொண்டு இருக்கிற பிள்ளையிடம், வெளியே அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது சொல்கிறார். கூடப் போனவர் ஓட்டோவைப் பார்க்க வெளியே போயிருப்பார். சில இடங்களில் ஒரு துண்டுக் கடதாசியும் தருகிறார்கள். எங்கள் கையில் கிடைத்த ஒன்றில் ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் ஆங்கிலம். தமிழ் மட்டும் பேசுகிற ஒரு தாயின் கையில் அதைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. காணிக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்டுப் பேசுகிற நாம், இரவு பதினொரு மணிக்கு வாயில் இரத்தத்தோடு இருக்கிற பிள்ளையின் உம்மா என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் கேட்டதில்லை. அரச ஆஸ்பத்திரியில் பல் கழற்றுவது இலவசம், அங்கிருக்கிற டொக்டர்மாரின் கைத்திறமையில் எங்களுக்குக் குறையில்லை. ஒரு பக்கக் கடதாசிதான் குறை.

பாடசாலைப் பக்கமும் ஒன்று இருக்கிறது. பல் கழற்றிய மாணவனுக்கு மூன்று நாள் லீவு கொடுக்க நாம் யோசிக்கிறோம், "பல்லுத்தானே" என்கிறோம். அவன் பகல் பரீட்சை எழுதிவிட்டு, பின்னேரம் டியூஷன் போய், இரவு இரத்தத்தோடு ஆஸ்பத்திரி போகிறான். ஆசிரியர்களான நாங்களும் அப்படித்தான், காலையில் கழற்றிவிட்டு அடுத்த நாள் எட்டுப் பாடவேளை கத்துகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஏ.எல் எழுதப் போகிற பிள்ளையின் ஞானப்பல் தொந்தரவு கொடுத்தால், பரீட்சைக்கு முந்திய வாரத்தில் கழற்றாமல் இரண்டு மூன்று மாதம் முன்னரே காட்டுங்கள். வலிக்காமல், ஒழுங்காக முளைத்த ஞானப்பல்லைச் சும்மா கழற்றவும் தேவையில்லை.

மேலே உள்ளதில் முக்கியமானதை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரிலிருந்து பேராதனையில் பல் மருத்துவம் படித்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது அதை வாசித்துத் திருத்தித் தந்தால், அச்சடிக்கிற செலவைப் பழைய மாணவர் சங்கத்தில் பேசிக்கொள்ளலாம். முதல் நூறு பிரதிகளைப் பாமசிகளிலும், பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும், வுழூ செய்கிற ஹவ்ளுக்குப் பக்கத்திலும் ஒட்டுவதாக யோசனை. தர விருப்பமுள்ள டொக்டர்மார் இன்பொக்ஸ் பண்ணுங்கள்.